நிமிர்ந்து உட்கார்ந்த நூற்றெண்பத்து நான்கு பேர்

கல்லூரியில் அவருக்கு மில்லிமீட்டர் மேடம் என்று பெயர். பெற்றோர் ஆசையாக வைத்த பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டும் உயிரோடு இருந்தது. யாராவது அதைச் சொல்லிக் கூப்பிட்டால், வேறு யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று வழிவிட்டு ஒதுங்கி நிற்பார். இயந்திரப் பொறியியல் துறையில் பத்தொன்பது வருடங்களாக டிசைன் பாடம் நடத்துகிறவர். அவர் கரும்பலகையில் வெறுங்கையால் போடும் வட்டத்தைப் பார்த்து, வகுப்பிலுள்ள காம்பஸ்கள் எல்லாம் வெட்கப்பட்டுப் பெட்டிக்குள் போய்ப் படுத்துக்கொள்ளும் என்பது மாணவர்கள் பரம்பரை பரம்பரையாகச் சொல்லிவரும் செய்தி. அரை மில்லிமீட்டர் தப்பிய கோடு மூன்றாம் மாடியில் இருந்தால் கீழ்த்தளத்தில் அவருக்குத் தும்மல் வரும் என்றும் சொல்வார்கள். அது கொஞ்சம் மிகை. இரண்டாம் மாடியில் இருந்தால்தான் வரும்.

வீட்டிலும் அதே கதைதான். சமையல் மேடை தன் முழங்கைக்குக் கீழே சரியாகப் பத்து சென்டிமீட்டர் இருக்க வேண்டும் என்று பழையதை இடித்துக் கட்டவைத்தார். மேடை அவருக்குக் கச்சிதமாக அமைந்தது. ஆனால் அந்த வீட்டில் பாத்திரம் கழுவுகிறவர் அவருடைய கணவர். மனைவியைவிட ஒரு முழம் உயரம். பாவம், அந்த மனிதர் ஏழு வருடங்களாகக் குளத்தில் தண்ணீர் குடிக்கும் ஒட்டகச்சிவிங்கிபோலக் காலை அகட்டி வைத்துக்கொண்டுதான் தட்டுக் கழுவிவருகிறார்.

கணவர் தையல்காரர். வீட்டின் கீழ்த்தளத்திலேயே கடை. கல்லூரி ஆசிரியர்களில் பாதிப் பேருடைய பேன்ட் அவர் வெட்டியது. மனைவி எழுதும் அளவுகளில் புள்ளிக்குப் பிறகு மூன்று இலக்கம் இருக்கும். கணவரின் நோட்டிலோ ‘கொஞ்சம் லூஸ்’, ‘உட்கார்ந்தால் பிடிக்கும்’, ‘சாப்பிட்டுவிட்டு வந்திருக்கிறார்’ என்றெல்லாம் இருக்கும். அதைப் பார்க்கும்போதெல்லாம் மேடத்துக்குத் தலை சுற்றும்.

ஆறு வருடங்களாக மேடம் ஒன்றே ஒன்றைத்தான் கேட்டுக்கொண்டிருந்தார். மூன்றாம் ஆண்டில் எர்கோனாமிக்ஸ் என்று ஒரு பாடம். மனிதனுடைய கை எதுவரை எட்டும், முதுகு எவ்வளவு தாங்கும், கழுத்து எப்போது கெஞ்சும் என்று அளந்து பார்த்து, அதற்கேற்ப இயந்திரத்தையும் மேசையையும் செய்யக் கற்றுக்கொடுக்கும் பாடம். “மெஷினுக்கு டிசைன் பண்றோம். அது முன்னாடி எட்டு மணி நேரம் நிக்கிற ஆளுக்கு யார் டிசைன் பண்றது?” என்று ஒவ்வொரு கூட்டத்திலும் கேட்பார். ஒவ்வொரு கூட்டத்திலும் பிரின்சிபால் கடிகாரத்தைப் பார்ப்பார்.

பிரின்சிபால் பாய்லர்காரர். நீராவியைத் தவிர மற்றதெல்லாம் வெறும் காற்று என்பது அவர் கட்சி. நின்றால் கொடிக்கம்பம், உட்கார்ந்தால் சட்டம் போட்டு மாட்டிய போட்டோ. “நாற்காலியில எப்படி உட்காரணும்னு எனக்கு மூணு வயசுல எங்கம்மா ஒரே அடியில சொல்லிக் குடுத்துட்டாங்க. அதுக்கு ஒரு முழு செமஸ்டரா, மேடம்?” என்பார்.

ஏழாவது வருடம் அவர் எப்படியோ இளகினார். டிராயிங் ஹாலில் இருந்த முதுகில்லாத மர ஸ்டூல்கள் ஒவ்வொன்றாக உயிரைவிட்டுக்கொண்டிருந்ததும் ஒரு காரணம். ஒரு செமஸ்டர் மட்டும் பாடத்தை நடத்திப் பார்க்கலாம். மாணவர்களே டிராயிங் ஹாலுக்கு ஒரு நாற்காலியை டிசைன் செய்ய வேண்டும். கடைசி வெள்ளிக்கிழமை அவரே வந்து உட்கார்ந்து பார்ப்பார். நாற்காலி தேறினால் பாடம் நிரந்தரம். தேறாவிட்டால் அந்த நேரம் பாய்லர் இரண்டாம் தாளுக்குப் போய்விடும். அப்புறம் எர்கோனாமிக்ஸ் என்ற சொல்லையே கூட்டத்தில் எடுக்கக் கூடாது.

மேடம் அன்று வீட்டுக்கு நடந்து வரவில்லை, மிதந்து வந்தார்.

அளவெடுப்பு ஒரு திருவிழாவாக நடந்தது. ஒர்க்‌ஷாப் இன்ஸ்ட்ரக்டர் அதற்கென்றே நகரும் அளவுகோல்கள் வைத்த ஒரு பலகை ஆசனம் செய்துகொடுத்தார். எல்லோருக்கும் அவர் வெல்டர் அண்ணன்; இரும்பைத் தவிர எதனோடும் கோபமாகப் பேசத் தெரியாதவர். ஒவ்வொரு மாணவராக வந்து ஆசனத்தில் உட்கார, மேடம் தானே குனிந்து, முழங்கால் மடிப்பின் உயரம், தொடையின் நீளம், முழங்கை, தோள், முதுகு என்று பதினோரு அளவு எடுத்தார். நூற்றெண்பத்து நான்கு பேர். ஆளுக்குப் பதினொன்று. மொத்தம் இரண்டாயிரத்து இருபத்து நான்கு அளவுகள்; ஒன்றில்கூட அடித்தல் திருத்தல் இல்லை.

அதை வரைபடமாகப் போட்டபோது மணிபோல அழகான வளைவு வந்தது. மேடம் அதைச் சட்டம் போடாத குறையாகக் கொண்டுபோய்க் கடையில் கணவரின் மெஷின்மேல் விரித்தார்.

“பாருங்க. எப்படி இருக்கு?”

தையல்காரர் மூக்குக்கண்ணாடியை இறக்கிவைத்துப் பார்த்தார். “ரொம்ப நல்லா இருக்கு. ஏம்மா, உங்க காலேஜ்ல ஒருத்தர்கூடக் கூன் போடறதில்லையா?”

“என்னது?”

“இல்ல, நூத்தி எண்பத்தி நாலு பேருக்கும் முதுகு ஈட்டி மாதிரி இருக்கே. பட்டாளத்துல ஆள் எடுத்தியோன்னு நினைச்சேன்.”

“உங்களுக்குப் பொறாமைங்க. உங்க நோட்டுல இப்படி ஒரு பக்கம் உண்டா?”

“சத்தியமா இல்ல, புரொஃபசரம்மா” என்று அவர் நூலைக் கோக்கப் போய்விட்டார்.

அந்த அளவுகளை வைத்து மாணவர்கள் நாற்காலியை வரைந்தார்கள். நீல வர்ணம் அடித்த மர இருக்கை, வளைத்த குழாய்க் கால், நிமிர்ந்த முதுகைத் தாங்க உயரமான சாய்மானம். வெல்டர் அண்ணன் ஆறு நாற்காலிகள் செய்து இறக்கினார். பிரின்சிபால் அந்தப் பக்கமாகப் போனவர் உள்ளே வந்து ஒன்றில் உட்கார்ந்தார். போட்டோ சட்டத்துக்குள் பொருந்தியது. ஐந்து நிமிடம் முதுகை வைத்துப் பார்த்துவிட்டு, “பரவாயில்லையே, மேடம்! நாற்காலின்னா இப்படித்தான் இருக்கணும். வெள்ளிக்கிழமை முறைப்படி வந்து முடிச்சுடலாம்” என்று எழுந்து போனார். வெல்டர் அண்ணன் வாயெல்லாம் பல்.

அது திங்கட்கிழமை காலை. அன்று பிற்பகலே குட்டு உடைந்தது.

மேடம் ஆறு நாற்காலிகளிலும் ஆறு மாணவர்களை உட்காரவைத்து மூன்று மணி நேர வரைபட வகுப்பைத் தொடங்கினார். மேசைகளுக்கு இடையில் நடந்து நடந்து பார்த்தார். அவர் போன இடமெல்லாம் முதுகும் சாய்மானமும் கணவனும் மனைவியுமாகப் பொருந்தி இருந்தன. அப்படியே துறை அறைக்குப் போய் ஒரு வாய் டீ குடிக்கலாம் என்று போனவர், பாதி வழியில் படிக்கிற மூக்குக்கண்ணாடியை மேசைமேல் விட்டுவந்தது நினைவுக்கு வந்து திரும்பினார். கதவின் கண்ணாடிச் சதுரம் வழியாக உள்ளே பார்த்தார்.

உள்ளே ஒரு போர் நடந்து முடிந்திருந்தது. ஒருவன் இருக்கையின் நுனியில் ஒரு விரற்கடை இடத்தில் தொங்கிக்கொண்டிருந்தான். ஒருத்தி ஒரு காலை மடித்து அதன்மேல் உட்கார்ந்திருந்தாள். இன்னொருவன் சாய்மானத்தை விலாவுக்கு முட்டுக்கொடுத்துப் பக்கவாட்டில் சரிந்து, பார்க்க யாரோ துவைத்து உலர்த்திய சட்டை மாதிரி இருந்தான். வகுப்பிலேயே உயரமான பெண்ணுக்கு ஏணி என்று பெயர். அவள் இரண்டு காலையும் குழாய்க்குள் கொடியாகச் சுற்றி, மூக்கால் கோடு போடுகிறவள்போல மேசைமேல் கவிழ்ந்திருந்தாள். நாற்காலிகளின் அருமையான சாய்மானங்கள் ஆறும் யாரும் சீண்டாமல் அநாதையாக நின்றன.

மேடம் கதவைத் திறந்தார். கிரீச் சத்தத்துக்குள் ஆறு முதுகும் ஈட்டியாகிவிட்டன.

வெளியே வந்து கதவைச் சாத்தினார். பத்து எண்ணிவிட்டுக் கண்ணாடி வழியாகப் பார்த்தார். மறுபடியும் உலர்த்திய சட்டை. திறந்தார், ஈட்டி. சாத்தினார், சட்டை. நான்காவது தடவை திறந்தபோது ஏணிதான் கேட்டாள்: “மேடம், கதவு சரியா மூடலையா? ஒர்க்‌ஷாப்ல சொல்லிடவா?”

வீட்டுக்கு அன்று மிதந்தும் வரவில்லை, நடந்தும் வரவில்லை, தன்னைத்தானே இழுத்துவந்தார். கடையில் ஒரு வாடிக்கையாளர் நின்றிருந்தார். ஏதோ வங்கியில் அதிகாரி. தொப்பை அவருக்கு ஒரு நிமிடம் முன்னதாகவே கடைக்குள் வந்திருக்கும். மேடம் பேச ஆள் இல்லாமல் ஓரமாக ஸ்டூலில் உட்கார்ந்தார்.

தையல்காரர் டேப்பை எடுத்தார். எடுத்ததுதான் தாமதம், தொப்பை மாயமாக மறைந்தது. அதிகாரி மூச்சைப் பிடித்துக்கொண்டு கூரையைப் பார்த்தார்.

“முப்பத்தாறு” என்று தையல்காரர் உரக்கச் சொன்னார். ஆனால் நோட்டில் எதையும் எழுதவில்லை. ஒரு பெரிய தகர டப்பாவை எடுத்து மேசைமேல் வைத்தார். “சார், பட்டன் மட்டும் நீங்களே பாத்து எடுத்துடுங்க. அடியில நல்ல நல்ல டிசைன் கிடக்கு.”

அதிகாரி குனிந்தார். டப்பாவுக்குள் நூற்றுக்கணக்கில் பட்டன்கள். கருப்பில் நாலு துளை, பழுப்பில் இரண்டு துளை என்று கிளறக் கிளற, அவர் தம்மை மறந்தார், மூச்சு இறங்கியது, தொப்பை தன் சொந்த வீட்டுக்குத் திரும்பி வந்தது. தையல்காரர் பின்னால் போய், பெல்ட்டைச் சரிசெய்வதுபோல டேப்பை ஒரு சுற்றுச் சுற்றி எடுத்தார். நோட்டில் எழுதினார்: நாற்பது.

அதிகாரி போனபிறகு மேடம் எழுந்து வந்து அந்த நோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“இதை எத்தனை வருஷமா பண்றீங்க?”

“கடை வச்ச நாள்லேர்ந்து. டேப்பைப் பாத்தா எல்லாரும் வேற ஆளாயிடுவாங்கம்மா. அந்த வேற ஆளுக்குத் தைச்சுக் குடுத்தா, மறுநாள் இந்த ஆள் வந்து பேன்ட்டை மூஞ்சியில வீசுவாரு.”

“என்கிட்ட ஏங்க சொல்லல?”

“சொன்னேனே. பட்டாளமான்னு கேட்டேன். பொறாமைன்னுட்ட.”

மேடம் ஸ்டூலில் உட்கார்ந்தார். “நான் போய் எதிர்ல நின்னு, ஸ்கேலை நீட்டி... நூத்தி எண்பத்தி நாலு பேரும் எனக்காக உட்கார்ந்திருக்காங்க. நாற்காலியில உட்காரல.”

“உன்னைப் பாத்தா நானே நிமிர்ந்துதான் தட்டுக் கழுவறேன். அவங்க சின்னப் பசங்க” என்றார் அவர். பிறகு மனைவியின் முகத்தைப் பார்த்துக் கிண்டலை நிறுத்திக்கொண்டார். “உங்க பிரின்சிபாலுக்குப் பிடிச்சிருக்குன்னு சொன்னியே. அப்புறம் என்ன?”

அதுதான் நெஞ்சில் முள்ளாக நின்றது. நாற்காலியைத் தொடாமல் விட்டுவிட்டால் வெள்ளிக்கிழமை வெற்றி நிச்சயம். பிரின்சிபால் ஐந்து நிமிடம் போட்டோவுக்கு உட்காருவார்; பாடம் நிலைத்துவிடும். அந்தப் பாடத்தின் முதல் வேலையே பொய்யாக இருக்கும், அவ்வளவுதான். மேடம் அன்று சாப்பாட்டில் கை வைத்ததும் வைக்காததுமாக எழுந்தார். தட்டைக் கழுவப் போன கணவர் காலை அகட்டி நிற்பதை முதல்முறையாக நின்று பார்த்தார்.

செவ்வாய்க்கிழமை காலை வெல்டர் அண்ணனிடம் போய் நடந்ததைச் சொன்னார்.

“விட்டுடுங்க மேடம். பெரியவருக்குப் பிடிச்சுப் போச்சு. எனக்கும் ஆறு நாற்காலியை மறுபடி செய்யற வேலை மிச்சம்” என்றார் அண்ணன்.

“அண்ணே, ரெண்டு இரும்புப் பரப்பு சரியா உட்காருதான்னு எப்படிப் பாப்பீங்க?”

“நீல மை தடவி வச்சு அழுத்திப் பாப்போம். தொட்ட இடத்துல மை போயிருக்கும், தொடாத இடத்துல அப்படியே நிக்கும். இது கேக்கணுமா?”

“இருக்கையில தடவினா?”

அண்ணன் திகைத்தார். “பசங்க பேன்ட்டுல ஒட்டிக்குமே, மேடம். அந்த மை ஏழு ஜென்மத்துக்கும் போகாது.”

மேடம் கைப்பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்தார். தையல்காரர் துணியில் கோடு போடும் நீலக் கட்டியை இடித்து, சலித்து, மாவாக்கித் தந்திருந்தார். ஒரே நிபந்தனை: துவைத்தால் போய்விடும் என்று மாணவர்களின் அம்மாக்களுக்கு மேடமே உத்தரவாதம் தர வேண்டும்.

இருக்கை, சாய்மானம், கால் குழாய் எல்லாவற்றிலும் அதைத் தூவினார்கள். நீல வர்ணத்தின்மேல் நீலப் பொடி; பக்கத்தில் போய் ஊதிப் பார்த்தால்தான் தெரியும். வரைபடத் தேர்வு என்று சொல்லி ஆறு பேர் ஆறு பேராக, நான்கு தடவை உட்காரவைத்தார்கள். மேடம் ஹாலுக்குள் காலே வைக்கவில்லை. ஒவ்வொரு தடவையும் முடிந்தவுடன் அண்ணன் இருக்கைமேலும் சாய்மானத்தின்மேலும் பட்டர் பேப்பரை விரித்து, பொடி அழிந்த இடத்தைப் பென்சிலால் சுற்றி வரைந்தார். பிறகு புதுப் பொடி. மாலைக்குள் கல்லூரி வளாகத்தில் இருபத்து நான்கு நீலப் பின்புறங்கள் உலவின. கான்டீனில் இருந்தவர்கள் அதைப் புது ஃபேஷன் என்று நம்பினார்கள். ஓரிருவர் எந்தக் கடையில் வாங்கியது என்றுகூட விசாரித்தார்களாம்.

ஏணிதான் முதலில் கண்டுபிடித்து நேரே வந்து நின்றாள். “மேடம், இது தேர்வா, எங்களுக்கு வெள்ளையடிக்கறதா?”

மேடம் ஒளிக்கவில்லை. எல்லோரையும் கூப்பிட்டு இருபத்து நான்கு பட்டர் பேப்பர்களையும் ஒன்றன்மேல் ஒன்றாக ஜன்னல் கண்ணாடியில் ஒட்டிக் காட்டினார். வெளிச்சம் பின்னாலிருந்து வந்தது. இருக்கையின் பின்பாதி எல்லாத் தாளிலும் வெறிச்சோடிக் கிடந்தது. முன்பக்கத்து மூன்றில் ஒரு பங்கில் மட்டும் இருபத்து நான்கு கோடுகளும் நெருக்கியடித்துக்கொண்டு நின்றன. சாய்மானத்தில் தொட்ட இடம் இடதுபக்கக் கீழ் மூலை மட்டும். கால் குழாயிலோ பொடி ஒரு துளி மிச்சமில்லை.

“நான் அளந்தது தப்பு” என்றார் மேடம். “இதுதான் நீங்க.”

பத்தொன்பது வருடத்தில் மில்லிமீட்டர் மேடம் வாயிலிருந்து ‘தப்பு’ என்ற சொல் அவரைக் குறித்து வந்ததே இல்லை. கடைசி வரிசையிலிருந்து ஒரு குரல்: “மேடம், அந்த மூணாவது கோடு என்னோடதா? கொஞ்சம் பெருசா வரைஞ்சுட்டாரு அண்ணன்.”

புதன், வியாழன் இரண்டு நாளும் ஒர்க்‌ஷாப்பில் நெருப்புப் பொறி பறந்தது. வரைகிறவன் முன்னால் சாய்ந்துதான் வரைவான். அதனால் இருக்கையின் முன்பாதியைச் சற்றுக் கீழ்நோக்கிச் சரித்தார்கள். தொடையை அறுக்காதபடி நுனியை உருட்டினார்கள். உயரமான சாய்மானத்தை வெட்டித் தூர எறிந்துவிட்டு, பக்கவாட்டில் சரிந்தாலும் தாங்கும்படி தாழ்வான வளைந்த ஒன்றை வைத்தார்கள். கால் சுற்ற இரண்டு உயரத்தில் குழாய். மாணவர்கள் வீட்டுக்குப் போக மாட்டோம் என்று நின்றதாலும், அண்ணன் அவர்களைத் துரத்திக் களைத்ததாலும் வேலை முடிந்தது.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்குப் பிரின்சிபால் வந்தார். வந்தவர் நாற்காலியைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார்.

“போன தடவை பாத்தது இது இல்லையே, மேடம்?”

“மாத்திட்டோம், சார்.”

“நல்லா இருந்ததை எதுக்கு மாத்தினீங்க?” என்றபடி உட்கார்ந்தார். போட்டோவாகத்தான் உட்கார்ந்தார். முதுகை நிமிர்த்தினார், சாய்மானம் இடுப்போடு நின்றுவிட்டது. நிமிர்ந்த உடம்பு சரிவில் மெல்ல முன்னால் நழுவியது. குதிகாலை ஊன்றி பிரேக் போட்டுப் பின்னால் ஏறினார். மறுபடி நழுவினார்.

“என்னம்மா இது, என்னைக் கீழ தள்ளுது! உட்கார்றதுக்குச் செஞ்சீங்களா, எழுப்பி விடறதுக்குச் செஞ்சீங்களா?” பேனாவைச் சட்டைப் பையிலிருந்து எடுத்தார். முடிவு எழுதும் தாள் அவர் கையில் இருந்தது. “வருத்தமாத்தான் இருக்கு. ஆனா...”

பின்னால் நின்றிருந்த நூற்றுச் சொச்சம் பேரும் பேனாவையே பார்த்தார்கள். மேடத்தின் கண்ணில் தகர டப்பாவும் அதற்குள் கிளறும் விரல்களும் வந்து நின்றன.

“சார், ஒரு நிமிஷம். எழுதறதுக்கு முன்னாடி ஒரு உதவி.” அலமாரியிலிருந்து ஒரு பெரிய வரைபடச் சுருளை எடுத்து அவர் எதிரே மேசையில் விரித்தார். “பாய்லரோட குறுக்குவெட்டு. நானே வரைஞ்சது. பசங்களுக்குப் பயிற்சிக்காக வேணும்னே பன்னிரண்டு தப்பு வச்சிருக்கேன். இதுவரைக்கும் யாரும் ஒன்பதுக்கு மேல கண்டுபிடிக்கல.”

“பாய்லரா?” என்றார் பிரின்சிபால்.

பேனா வேறு வேலைக்குப் போனது. “இந்த வால்வ் இங்க இருந்தா கட்டடமே மேல போயிடுமே! ஒண்ணு.” சற்றுக் குனிந்தார். “தண்ணி மட்டம் காட்டற குழாய் தலைகீழா இருக்கு. ரெண்டு.” இன்னும் குனிந்தார். மூச்சு இறங்கியது, சட்டையின் நடுப் பட்டன் நிம்மதியாக ஒரு பக்கம் சாய்ந்தது. இடது கால் தானாகத் தேடிப்போய் மேல் குழாயைப் பிடித்துக்கொண்டது. “இது யாருக்கும் கண்ணுல படாது, எனக்குப் படும். அஞ்சு.” வலது கால் முதல் காலைச் சுற்றியது. இடது விலா வளைந்த சாய்மானத்தில் போய்ச் சாய்ந்தது. கொடிக்கம்பம் கொடியாகிவிட்டது.

டீ வந்தது, ஆடை கட்டியது, திரும்பிப் போனது. மணி பதினொன்று ஆனது, பதினொன்றரை ஆனது. ஏணி வாயில் கையை வைத்துக்கொண்டு சிரிப்பை அடக்கினாள். வெல்டர் அண்ணன் ஒரு மூலையில் நின்று தன் நாற்காலி ஒரு பிரின்சிபாலைத் தாங்குவதைப் பெற்ற தாய்போலப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பதினொன்றே முக்காலுக்குப் பிரின்சிபால் தலையை நிமிர்த்தினார். “பதினாலு!”

“பன்னிரண்டுதான் சார் வச்சேன்.”

“பதினாலு இருக்கு, மேடம். இதோ பாருங்க, இந்த ரிவெட் இடைவெளி. இதோ, இந்த அம்புக்குறி.”

மேடம் பார்த்தார். பதிமூன்றும் பதினான்கும் அவர் வைக்காத தப்புகள், தானாக வந்தவை. காதுவரை சிவந்துபோனது. ஒரு வாரத்தில் இரண்டாம் தடவை தப்பு.

பிரின்சிபால் வெற்றிக் களிப்போடு எழுந்தார். திரும்பினார். அப்போதுதான் மேடம் பார்த்தார்: பழுப்புப் பேன்ட்டின் பின்புறத்தில் நீலமாக, அகலமாக, ஒரு தேசத்தின் வரைபடம்.

மேடம் ஏணியைப் பார்த்தார். ஏணி கூரையைப் பார்த்தாள். “எல்லாருக்கும் ஒரே பரீட்சைன்னு நீங்கதானே மேடம் சொல்லுவீங்க” என்று முணுமுணுத்தாள்.

இவ்வளவு பெரிய மனிதரை அப்படியே வராந்தாவில் நடக்கவிட முடியுமா? மேடம் தொண்டையைச் செருமினார். “சார்... பின்னாடி... கொஞ்சம் நீலம்.”

பிரின்சிபால் முதுகை வளைத்துப் பார்க்க முயன்றார். நாய் தன் வாலைத் தேடுவதுபோல ஒரு சுற்றுச் சுற்றினார். முகம் பாய்லராகிக்கொண்டிருந்தது. “யார் வேலை இது?”

“என்னோட பாடத்தோட வேலை, சார்” என்று மேடம் முன்னால் வந்தார். இனி மறைக்க ஒன்றும் இல்லை. ஜன்னலில் ஒட்டியிருந்த தாள்களைக் காட்டி, கதவு, கண்ணாடிச் சதுரம், ஈட்டி, சட்டை, பொடி, கடைசி வரிசைக்காரனின் மூன்றாவது கோடு என்று எல்லாவற்றையும் கொட்டினார். அதற்குள் வெல்டர் அண்ணன், யாரும் சொல்லாமலே, பழக்கதோஷத்தில் ஒரு பட்டர் பேப்பரை எடுத்து, பிரின்சிபால் எழுந்த இருக்கைமேலும் சாய்மானத்தின்மேலும் விரித்து, அழிந்த இடத்தைச் சுற்றிப் பென்சில் ஓட்டிவிட்டார். ஏணி அதை வாங்கிப்போய் ஜன்னலில் மற்றவற்றின்மேல் வைத்தாள்.

இருபத்தைந்தாவது கோடு மற்ற இருபத்து நான்கோடு ஒட்டி உட்கார்ந்தது. இருக்கையின் பின்பாதியில், முதலில் நழுவி ஏறிய ஒரு மங்கலான தடம் தவிர, ஒன்றும் இல்லை. இடதுபக்க மூலையில் விலா.

பிரின்சிபால் ஜன்னலருகில் போய் நின்றார். விரலால் தன் கோட்டைப் பின்தொடர்ந்தார். அது எங்கே கடைசி வரிசைக்காரனின் மூன்றாவது கோட்டைத் தொட்டதோ அங்கே விரல் நின்றது.

“ஆக,” என்றார், “நானும் கடைசி பெஞ்ச்சா?”



“ஒண்ணே முக்கால் மணி நேரம் உட்கார்ந்தேன். வழக்கமா அரை மணியில இடுப்பு போயிடும்” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். திரும்பி வந்தார். உட்காரவில்லை, நின்றபடியே தாளில் எழுதினார். மேடம் எட்டிப் பார்க்காமல் இருக்க முயன்று, எட்டிப் பார்த்தார். ‘பாடம் தொடரலாம்’ என்று ஒரு வரி. அதற்குக் கீழே இன்னொரு வரி: ‘பாய்லர் வரைபடத்தை மேடம் திருத்தித் தர வேண்டும்.’

ஹால் இடிந்து விழாததற்குக் கட்டடம் கட்டியவரைத்தான் பாராட்ட வேண்டும்; அவ்வளவு சத்தம். பிரின்சிபால் வாசல்வரை போய் நின்றார். “மேடம், இந்தப் பொடி துவைச்சா போயிடுமா?”

“போயிடும் சார். என் வீட்டுக்காரர் உத்தரவாதம்.”

“அவர்தானே எனக்குத் தைக்கறது. நல்ல மனுஷன். பத்து வருஷமா முப்பத்தி நாலுதான் எனக்கு; இன்னைக்கு வரைக்கும் ஒரு பேன்ட்கூட இடுப்பை இறுக்கிப் பிடிச்சதில்ல.” கையிலிருந்த தாளால் பின்புறத்தை மறைத்துக்கொண்டு, கொடிக்கம்பமாக நிமிர்ந்து, வராந்தாவில் நடந்துபோனார்.

அன்று மாலை மேடம் கடைக்குள் நுழைந்ததும், பிரின்சிபாலின் நிஜ அளவைப் பார்க்க நேரே நோட்டைப் புரட்டப் போனார். தையல்காரர் அதன்மேல் கையை வைத்தார்.

“தொழில் ரகசியம், புரொஃபசரம்மா. பாடம் என்னாச்சு?”

“நிலைச்சிடுச்சு.” மேடம் பட்டன் டப்பாவைத் திறந்து, எதையோ தேடுகிறவர்போலக் கிளறிக்கொண்டே சொன்னார். “நீங்க மேல போய்ப் பாத்திரத்தைக் கழுவுங்க. நான் வர மாட்டேன். கதவுக்குப் பின்னாடி நின்னு பாத்துக்கறேன்.”

“எதுக்கு?”

“மேடையை இடிக்கறதுக்கு முன்னாடி, உங்களை ஒழுங்கா அளக்கணும்ல?”